எங்கள் காலனிக்கும் கொஞ்சம் ஆர்சனிக்

"மனித குலம் குடித்த தண்ணீரின் வரலாற்றை இனிமேல் இரண்டாகத்தான் பிரிக்க முடியும். காந்தத்துக்கு முன். காந்தத்துக்குப் பின்."

இதைச் சொன்னவர் முனைவர் லக்ஷ்மிநாராயணன். சொன்ன இடம் இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் விண்முகில் தொழில்நுட்பக் கல்லூரியின் கலையரங்கம். கேட்டவர்கள், அட்டெண்டன்ஸ் உண்டு என்று மிரட்டி உட்காரவைக்கப்பட்ட மாணவர்கள். அவர் சிரிக்கவில்லை. ஆகவே யாரும் சிரிக்கவில்லை.

அன்றுதான் கல்லூரியில் காந்தநீர் உயராய்வு மையம் திறக்கப்பட்டது. அதன் நிறுவன இயக்குநர் அவர். மேடையில் அவருக்குப் போட்ட சால்வைகளில் கழுத்து காணாமல் போயிருந்தது. குரல் மட்டும் சால்வைக் குவியலின் உச்சியிலிருந்து வந்துகொண்டிருந்தது.

"தாம்பரத்தில் எந்தத் தெருவுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். குழாய் வாயில் ஒரு துணி கட்டியிருக்கும். பழைய வேட்டி, பழைய பாவாடை, சில வீடுகளில் சபையில் சொல்லத்தகாத துணி. நிலவுக்குக் கலம் அனுப்பிய நாடு, குழாய்க்குக் கோவணம் கட்டிக்கொண்டிருக்கிறது! எனக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசைதான். அந்தக் கடைசித் துணியை இந்தக் கையால் அவிழ்க்க வேண்டும்."

எந்தக் கை என்று உயர்த்திக் காட்டினார். அந்தக் கையைப் படம் எடுத்தார்கள்.

கடைசி வரிசையில் பிரிட்டோ காலை ஆட்டிக்கொண்டிருந்தான். எம்.எஸ்சி. வேதியியல் கடைசி ஆண்டு. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு பெயின்ட் கம்பெனியில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. ஜூன் ஒன்றாம் தேதி சான்றிதழோடு போய் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்த நாற்காலியில் வேறொருவன் உட்காருவான். சான்றிதழ் வர ப்ராஜெக்ட் முடிய வேண்டும். ப்ராஜெக்ட் முடிய லக்ஷ்மிநாராயணன் கையெழுத்துப் போட வேண்டும். படம் எடுக்கப்பட்ட அதே கையால்.

ப்ராஜெக்ட்டின் தலைப்பு, காந்தத்தால் தண்ணீரிலிருந்து ஆர்சனிக்கை அகற்றுவது. விஷயம் ஒன்றும் மோசமில்லை. நுணுக்கமான இரும்பு ஆக்ஸைடு தூளைத் தண்ணீரில் கலக்கினால், ஆர்சனிக் என்கிற விஷம் போய் அந்தத் தூளில் ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் ஒரு காந்தத்தை வைத்தால் தூள் முழுவதும் காந்தத்தோடு போய்விடும், விஷமும் கூடவே போய்விடும். மிச்சம் நல்ல தண்ணீர். ஆர்சனிக் இருக்கிற ஊர்களில் இது புண்ணியமான வேலை.

இரும்புலியூரில் ஆர்சனிக் இல்லை. சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

அதற்கு முன்பே இன்னொரு சிக்கல் நடந்து முடிந்திருந்தது. திறப்பு விழா அன்றே, மையத்துக்காகக் கட்டிய சுத்திகரிப்பு நிலையத்தின் வாசலில் ரிப்பன் கட்டி, கிரைண்டர் அளவிலான காந்தத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, தாம்பாளத்தில் கத்திரிக்கோலை நீட்டினார்கள். சிறப்பு விருந்தினர் கையை வைப்பதற்குள் கத்திரிக்கோல் டங்கென்று காந்தத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அதை மீட்கப் போன விருந்தினரின் சட்டையில் குத்தியிருந்த வரவேற்பு பேட்ஜ், ஊக்கோடு சேர்ந்து காந்தத்தை நோக்கிக் கிளம்பியது. சட்டைக்குள் இருந்ததால் விருந்தினரும் கிளம்பினார். இரண்டு பேராசிரியர்கள் இடுப்பைப் பிடித்து இழுத்து அவரைக் காப்பாற்றினார்கள். ரிப்பனைக் கடைசியில் முடிச்சவிழ்த்துத் திறந்து வைத்தார். திரும்பிப் போகும் வழியில் அவருடைய ஏ.டி.எம். கார்டு வேலை செய்யவில்லை என்று தகவல் வந்தது.

அன்று மாலையே அவசரக் கூட்டம். காந்தம் பிரமுகர்களின் பாதுகாப்புக்கு ஊறு விளைவிக்கிறது என்று ஏகமனதாக முடிவானது.

"காந்தம் நம்ம மையத்தோட பெருமை. பெருமை மெஷினுக்குள்ள இருக்கக்கூடாது. ரிசப்ஷன்ல இருக்கணும்" என்றார் லக்ஷ்மிநாராயணன்.

அப்படியே ஆயிற்று. வரவேற்பறையில் தடித்த கண்ணாடிப் பெட்டி, சிவப்பு வெல்வெட், தினம் ஒரு சாமந்தி மாலை. காந்தம் சௌகரியமாக இருந்தது.

"சார், காந்தம் இல்லாம தூள் எப்படி சார் நிக்கும்?" என்று பிரிட்டோ கேட்டான்.

"நீ ஆர்சனிக்கைக் கண்டுபிடி. காந்தத்தை நான் பாத்துக்கறேன்."

உண்மையிலேயே பார்த்துக்கொண்டார். தினம் காலையில் ஒரு தடவை கண்ணாடிக்கு முன்னால் நின்று பார்த்தார்.

பிரிட்டோவின் சோதனை எளிமையானது. தண்ணீரைக் குப்பியில் ஊற்றி, பொடியைப் போட்டு, மூடியில் ஒரு வெள்ளைத் தாளைச் செருக வேண்டும். ஆர்சனிக் இருந்தால் தாள் மஞ்சளாகும். நிறைய இருந்தால் பழுப்பாகும். கல்லூரி போர்வெல் தண்ணீரில் தாள் வெள்ளையாகவே இருந்தது. ஆய்வகத்துப் பெரிய சோதனை மெஷினில் போட்டுப் பார்த்தாலும் பூஜ்யம்.

லக்ஷ்மிநாராயணன் தாளை ஜன்னலோரம் கொண்டுபோனார். விளக்கடியில் பிடித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"லேசா மஞ்சளா இருக்கே."

"அது சார் பல்பு."

"பிரிட்டோ, பூஜ்யம்ங்கறது ஒரு ரிசல்ட் இல்ல. அது ஒரு மனநிலை. வடக்கே கங்கைக்கரையில இருக்கவங்களுக்கு ஆர்சனிக் கிடைச்சிருக்கு. நமக்கு மட்டும் ஏன் கிடைக்கல? நாம எதுல குறைஞ்சு போயிட்டோம்?"

"நம்ம தண்ணில உப்பு நிறைய இருக்கு சார். கடினத்தன்மையும் ஜாஸ்தி. ஹீட்டர்ல சுண்ணாம்பு கல்லாப் படியுது. அதை எடுக்கறதுக்கு ஏதாவது..."

"உப்பை எவன் வேணும்னா எடுப்பான். உப்பை எடுத்தவனுக்கு எவனாவது சால்வை போட்டுப் பாத்திருக்கியா? மையம் ஆர்சனிக் பேர்ல வந்திருக்கு. நீ போய்த் தேடு. கிடைச்சதும் கையெழுத்து."

பிரிட்டோ குப்பிகளைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினான். மே மாத வெயில். எந்த சிக்னலில் நின்றாலும் ஜூன் ஒன்றாம் தேதிதான் எதிரே பச்சை விளக்கில் பாய்ந்து போவதுபோல் இருந்தது.

சேலையூர் தாண்டி பரிமளா நகர் என்று ஒரு காலனி. குடியிருப்போர் சங்கச் செயலாளர் சூர்யநாராயணன், வங்கியில் ஓய்வு பெற்றவர், வாசலிலேயே காத்திருந்தார். ஆர்சனிக் இருக்கிற காலனிக்கு மையம் இலவசமாக சுத்திகரிப்பு நிலையம் கட்டித்தரும், வாசலில் போர்டும் வைக்கும் என்கிற செய்தி பிரிட்டோவின் ஸ்கூட்டரைவிட வேகமாக வந்துவிட்டிருந்தது.

"வாங்கோ தம்பி. ஃபேனுக்கடியில உக்காருங்கோ. எங்க காலனிக்கு எவ்ளோ வருது?"

"வரக்கூடாதுன்னுதான் சார் பாக்கறோம்."

"புரியறது, புரியறது. அஃபிஷியலா அப்படித்தான் சொல்வேள்."

தாள் வெள்ளையாகவே இருந்தது. சூர்யநாராயணன் முகம் அதைவிட வெளுத்தது.

"நன்னாப் பாருங்கோ. கொஞ்சமாவது இருக்கும். பக்கத்து லேக் வியூ காலனிக்கு வந்துடுத்தாமே?"

"அங்கயும் ஜீரோதான் சார்."

"அப்படித்தான் சொல்லுவா. போன தடவை ரோடு அவாளுக்குத்தான் முதல்ல போட்டா. லைட் அவாளுக்குத்தான் முதல்ல வந்தது. இப்ப ஆர்சனிக்கும் அவாளுக்கா? வீ ஆர் ஆல்ஸோ டாக்ஸ் பேயர்ஸ், தம்பி!"

உள்ளேயிருந்து அவர் மனைவி பட்டு, சமையலறைத் தண்ணீரை ஒரு டம்ளரில் கொண்டுவந்தாள். "இதைப் பாருங்கோ. குழாய் தண்ணியைவிட இது கொஞ்சம் மோசமாவே இருக்கும்" என்று நம்பிக்கையோடு சொல்லி, தாளையும் தானே எடுத்துக் கொடுத்தாள்.

தாளில் பளிச்சென்று மஞ்சள்.

"பட்டு! வந்துடுத்து!" சூர்யநாராயணன் எழுந்தே விட்டார். பிரிட்டோவுக்கே பெயின்ட் கம்பெனியின் கேட் திறப்பதுபோல் ஒரு சத்தம்கூடக் கேட்டது. அப்புறம்தான் தாளில் இருந்த கட்டைவிரல் ரேகையைப் பார்த்தான்.

"மாமி, கையில என்ன?"

"சாம்பாருக்கு மஞ்சப்பொடி எடுத்தேன். ஏன்?"

கிளம்பும்போது சூர்யநாராயணன் வாசல்வரை வந்து, தாழ்ந்த குரலில், "அடுத்த லாட்லயாவது எங்களைக் கவனிச்சுக்கோங்கோ" என்றார்.

அடுத்தது பெரும்பாக்கம். அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு பிளாக்கில் மோட்டார் எரிந்து போயிருந்தது. படியேறி மேலே வந்தவனைக் குடத்தோடு நின்ற கங்கம்மா நிறுத்தினாள். நடைபாதையில் பிளாக் முழுவதுக்குமான காலிக் குடங்கள் வரிசை கட்டி நின்றன.

"இன்னாப்பா, பாட்டில தூக்கினு எங்க வந்துகினுகீற?"

"தண்ணி டெஸ்ட் பண்ணணும்க்கா. விஷம் கீதான்னு பாக்கணும்."

"விஷம் அப்பால இருக்கட்டும். மொதல்ல தண்ணி கீதான்னு பாரு."

குழாயைத் திருகினாள். புஸ்ஸென்று ஒரு சத்தம் வந்து நின்றது.

"காத்துதான் வர்து. அத்தப் புட்ச்சினு போ. அதுல இன்னா கீதுன்னு சொல்லு."

"இல்லக்கா, காலேஜ்ல பெரிய மெஷின் வச்சிருக்காங்க. தண்ணில விஷம் இருந்தா..."

"இருந்தா?"

"எடுத்துருவாங்க."

"தண்ணி இல்லாங்காட்டி?"

பிரிட்டோ யோசித்தான். அதற்கு மையத்தில் பிரிவு எதுவும் இல்லை. கங்கம்மா அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பேஜார் புட்ச்ச படிப்பா கீதே. வெய்யில்ல வந்துகீற, ஒரு கை புடி, கீழ லாரி வந்துகீது" என்று இரண்டு குடங்களை அவன் கையில் கொடுத்தாள். அன்று பெரும்பாக்கத்தில் பிரிட்டோ செய்த ஒரே உருப்படியான வேலை, அந்தக் குடங்களை மூன்று மாடி சுமந்ததுதான். லாரித் தண்ணீரிலும் தாள் வெள்ளைதான்.

வெள்ளைத் தாள்களை எல்லாம் மேஜையில் பரப்பிய அன்று லக்ஷ்மிநாராயணன் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "தானா இல்லாத இடத்துல நாமதான் கொடுக்கணும். விலைக்கு வாங்கித் தொட்டில கலந்துருவோம்."

"லேப்ல பீக்கர்ல கலக்கலாம் சார். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. தொட்டில வேணாம் சார், ஹாஸ்டல் குடிக்குது."

"பீக்கரை யாருய்யா திறப்பு விழா பண்ணுவான்?"

விண்ணப்பம் கொள்முதல் பிரிவுக்குப் போனது. அங்கே விஷத்துக்கும் மூன்று கொட்டேஷன் கேட்டார்கள். விலை குறைந்த விஷத்தைத்தான் வாங்க முடியும் என்றார்கள். கடைசியில் ஸ்டோர்காரர் வழக்கம்போல, "எதுக்கு வேணும்?" என்றார். "ஹாஸ்டல் தண்ணித் தொட்டில கலக்க" என்று பிரிட்டோ வழக்கம்போல உண்மையைச் சொன்னான். ஸ்டோர்காரர் முதலில் ஃபைலை மூடினார். பிறகு கதவை மூடினார்.

அந்தத் தோல்வியில்தான் இயக்குநருக்கு ஞானம் பிறந்தது.

"பிரிட்டோ, மெஷினை ஓட்டினா வெளிய வர்ற தண்ணில ஆர்சனிக் இருக்குமா?"

"இருக்காது சார்."

"துளிகூட?"

"துளிகூட இருக்காது சார். ஆனா உள்ள போற தண்ணிலயும்..."

"உள்ள போறதைப் பத்தி உன்னை யாரு கேட்டா?"

மறுநாளே நிலையம் ஓட ஆரம்பித்தது. ஹாஸ்டல், மெஸ், பேராசிரியர் குடியிருப்பு, எல்லாவற்றுக்கும் அதே தண்ணீர். கேன் தண்ணீர் வளாகத்துக்குள் வரத் தடை. வாசலில் பித்தளைச் சிங்கமுகத்தோடு ஒரு காட்சிக் குழாய் வைத்து, மேலே எழுதிப்போட்டார்கள்: "இக்குழாயில் வரும் நீரில் ஆர்சனிக் இல்லை." மையத்தின் வரலாற்றில் வெளியான அறிவிப்புகளில் முழுக்க உண்மையானது அது ஒன்றுதான்.

உள்ளே இரும்புத் தூளைக் கொட்டினார்கள். அதைப் பிடித்து நிறுத்த வேண்டிய காந்தம் வரவேற்பறையில் சாமந்தி மாலையோடு இருந்தது. தூளுக்கு ரிசப்ஷன் வரைக்கும் வழி தெரியாது. தண்ணீரோடு குழாய்க்கு வந்தது.

"டேய் மச்சான்," ஹாஸ்டலிலிருந்து ரேஷ்மா ஃபோன் செய்தாள். அதே வகுப்பு, வாய் கொஞ்சம் அதிகம். "உங்காளு தண்ணி விடறாரா, மை விடறாரா? பல்லு விளக்கினா பல்லு கறுப்பாவுது. மெஸ்ல ரசம் எது, குழம்பு எதுன்னு தெரியல. ரெண்டும் ஒரே கலரு. சோறு சாம்பல் கலர்ல கீது, துக்க வூடு மாதிரி."

"தூள் ரேஷ்மா. காந்தம் வெளிய இருக்கு."

"அப்ப அத்தத் தூக்கி உள்ள வைடா."

"வைக்க முடியாது. மாலை போட்டாச்சு."

ரேஷ்மா ஃபோனை வைத்தாள். பிறகு தன் பழைய பச்சைத் துப்பட்டாவைக் கிழித்துக் குழாயில் கட்டினாள். தண்ணீர் ஓரளவு தெளிந்தது. சாயங்காலத்துக்குள் ஹாஸ்டலில் எல்லாக் குழாய்க்கும் துணி ஏறிவிட்டது. கோடு போட்டது, பூப்போட்டது, கல்லூரி விளையாட்டு விழா பனியன்.

லக்ஷ்மிநாராயணனுக்கு இது முதுகில் குத்தியது போலிருந்தது. முதலில் சுற்றறிக்கை வந்தது: "கருமை என்பது நீர் சுத்தமாகிக்கொண்டிருப்பதன் கண்கூடான சான்று. வெறும் தெளிவைக் கண்டு மயங்காதீர்." பிறகு அவரே வந்தார். வார்டனை முன்னால் விட்டுக் குழாய் குழாயாகப் போய், சொன்ன சொல் தவறாமல், தன் கையாலேயே ஒவ்வொரு துணியாக அவிழ்த்தார்.

"இருபத்தியோராம் நூற்றாண்டும்மா!" என்றார் ரேஷ்மாவிடம், பச்சைத் துப்பட்டாவைத் தூக்கிக் காட்டி. "இதைக் கட்டறதுக்கா உங்கப்பா ஃபீஸ் கட்டறார்?"

"இல்ல சார், இத்தக் கட்டாம இருக்கத்தான் ஃபீஸ் கட்றாரு."

அவிழ்த்த துணிகளை அவர் எறியவில்லை. வரவேற்பறையில் காந்தத்துக்குப் பக்கத்திலேயே இரண்டாவது கண்ணாடிப் பெட்டி செய்யச் சொல்லி, அவற்றை மடித்து அடுக்கினார். மேலே போர்டு: "மூடப்பழக்கம்." ஒரு பெட்டியில் அறிவியல், இன்னொரு பெட்டியில் அறியாமை. இரண்டு சாவியும் அவர் இடுப்பில்.

மே மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது டெல்லியிலிருந்து மதிப்பீட்டுக் குழு வருவதாகச் செய்தி வந்தது. சிங்கமுகக் குழாயில் தண்ணீர் பிடித்துக் குடித்துப் பார்ப்பார்களாம். பிரிட்டோ தன் ப்ராஜெக்ட்டைத் தைத்துத் தயாராக வைத்திருந்தான். முடிவுப் பட்டியலில் எல்லா ஊருக்கும் பூஜ்யம் போட்டிருந்தான். மாற்றிப் போடலாமா என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தும் பார்த்தான். பெயின்ட் கம்பெனியில் அவனை எடுத்திருந்ததே, இருப்பதை இருக்கிறது என்றும் இல்லாததை இல்லை என்றும் சொல்லும் வேலைக்குத்தான். கை வரவில்லை. அப்படியே விட்டுவிட்டான்.

குழு வருகிற நாள், விடிந்ததும் விடியாததுமாகக் கல்லூரிக்கு ஓடினான். குழு வந்துவிட்டால் இயக்குநரைப் பிடிக்க முடியாது. சான்றிதழ் தரும் அலுவலகத்துக்கு நாளைக்கு விடுமுறை. அதற்கு அடுத்த நாள் ஜூன்.

அறையில் அவர் இல்லை. வரவேற்பறையில் விளக்கு எரிந்தது. காந்தம் பூட்டிய பெட்டிக்குள் புது மாலையோடு அப்படியே இருந்தது. பக்கத்துப் பெட்டி திறந்து கிடந்தது. அடுக்கு கலைந்திருந்தது.

நிலையத்தின் வாசலில் முனைவர் லக்ஷ்மிநாராயணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சிங்கத்தின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பல்லில் ஒரு நூல்கயிறு. கையில் பச்சைத் துப்பட்டா. பக்கத்து வாளியில் கறுப்பாகத் தண்ணீர்.

பிரிட்டோவைப் பார்த்ததும் அவர் எழவில்லை. கயிற்றை வாயிலிருந்து எடுத்தார்.

"வந்ததுதான் வந்த, இந்த முனையைப் பிடி."

பிரிட்டோ ப்ராஜெக்ட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பிடித்தான்.

"சார், ரெண்டு பேரும் சேர்ந்தா காந்தத்தைத் தூக்கிட்டு வந்துரலாமே?"

"குழு முதல்ல ரிசப்ஷன்லதான் காந்தத்தைப் பாக்கும். நிகழ்ச்சி நிரல்ல இருக்கு." துணியை விரித்து வெளிச்சத்தில் பார்த்தார். "பூப்போட்டது ஒண்ணு எடுத்துக் கட்டிப் பாத்தேன். புதுசு. சொட்டுகூட இறங்கல. இந்தப் பொண்ணோடதுதான் நல்லா நைஞ்ச துணி. நாலா மடிக்கணும். ரெண்டா மடிச்சா தூள் வந்துரும், எட்டா மடிச்சா தண்ணி வராது."

சொல்லிக்கொண்டே விரல்கள் வேலை செய்தன. பழகிய விரல்கள். சிங்கத்தின் வாய்க்குள் துணியை உள்வாங்கி, உதட்டுக்குப் பின்னால் கயிற்றைச் சுற்றி, முடிச்சைப் பிடரிக்குக் கொண்டுபோனார். "முடிச்சு ஃபோட்டோவுல விழக்கூடாது" என்றார் தனக்குத்தானே.

"சார்," என்றான் பிரிட்டோ. முனையை இன்னும் விடவில்லை. "கையெழுத்து."

அவர் துணியைப் பார்த்தார். துணியைப் பிடித்திருந்த பிரிட்டோவின் விரல்களைப் பார்த்தார். விரல்கள் விட்டால் முடிச்சு அவிழ்ந்துவிடும்.

"பட்டியல்ல என்ன போட்டிருக்க?"

"பூஜ்யம் சார். எல்லா ஊருக்கும்."

"உள்ள போறது?"

"பூஜ்யம்."

"வெளிய வர்றது?"

"அதுவும் பூஜ்யம் சார்."

"அப்பறம் என்ன, கணக்கு சரியாத்தானே இருக்கு" என்று, முடிச்சை இறுக்கிவிட்டு ஈரக்கையை வேட்டியில் துடைத்தார். கக்கத்திலிருந்து ப்ராஜெக்ட்டை உருவி, முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பெயருக்குப் பக்கத்தில் கட்டைவிரல் ரேகை கறுப்பாகப் பதிந்தது. அதை இருவருமே பார்த்தார்கள்.

"கிளம்பு. போற வழியில அந்தப் பெட்டியைச் சாத்திட்டுப் போ."

பிரிட்டோ வேகமாக நடந்தான். கேட்டுப் பக்கம் திரும்பும் இடத்தில் ஒரு தடவை நின்று பார்த்தான். லக்ஷ்மிநாராயணன் குழாயைத் திறந்திருந்தார். சிங்கத்தின் வாயிலிருந்து தண்ணீர் மெல்லிசாக, தெளிவாக இறங்கியது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு உள்ளங்கையைக் குழித்துப் பிடித்து ஒரு வாய் குடித்தார். பிறகு குழாயை மூடி, வாளியைத் தூக்கிக்கொண்டு, மைதானத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் தன் குடியிருப்பை நோக்கிச் சத்தமில்லாமல் நடந்தார்.

வேட்டி மடிப்பில், முதுகுப் பக்கமாக, அந்த விளையாட்டு விழா பனியன் நாலாக மடித்துச் செருகப்பட்டிருந்தது.